பாதி சாரும் இரண்டு நாடுகளும்

ஒரு டம்ளர் டீக்குச் சர்க்கரை போடுவதை ஆராய்ச்சியாக மாற்றிய மனிதர் காரைக்காலில் ஒரே ஒருவர்தான். எங்கள் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தினார். எங்களுக்கெல்லாம் அவர் பாதி சார்.

கேன்டீனில் அவருக்குச் சர்க்கரையைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். கொஞ்சம் போட்டு ஒரு வாய் குடிப்பார். இன்னும் எவ்வளவு வேண்டும் என்று கண்ணை மூடி யோசித்து, அதில் பாதியை மட்டும் போடுவார். மறுபடி ஒரு வாய், மறுபடி பாதி. சர்க்கரை சரியாகும்போது டீ தீர்ந்துபோயிருக்கும்.

"ஏம்ப்பா, மொத்தமா போட்டுக் கலக்குனா குடியா முழுகிப்போயிடும்?" என்பேன்.

"கூடிடுச்சுன்னா எடுக்க முடியாதே சார்."

எல்லாம் அவருடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி பார்த்த வேலை. இரண்டு நாடுகள் வாங்கி விற்றுக்கொண்டால் விலையும் வட்டியும் நாணய மதிப்பும் எங்கே போய் நிலைகொள்ளும் என்று கம்ப்யூட்டரில் தேடும் கணக்கு. பேப்பரில் போட்டால் விடை வராதாம். நான் வரலாறு நடத்துகிறவன். புரிகிற மாதிரி சொல்லித் தொலையும்படி கேட்டேன்.

"நெரவி ஒரு நாடுன்னு வச்சுக்குங்க சார். நெல்லு விளையுது. கிளிஞ்சல்மேடு இன்னொரு நாடு. மீன் பிடிக்கிறாங்க. ஒரு மூட்டை நெல்லுக்கு எவ்வளவு மீன்? தெரியாது. குத்துமதிப்பா ஒண்ணு சொல்றோம். நெல்லு விக்காம தேங்குனா நெல்லு விலையைக் குறைக்கணும். ஒரேயடியா குறைச்சா அடுத்த தடவை மீன் தேங்கும். அதைச் சரிபண்ணப் போனா நெல்லு இன்னும் மோசமா தேங்கும். கணக்கு வெடிச்சிடும். அதனால பாதிதான் நகரணும். பாத்துட்டுத் திரும்ப நகரணும்."

"எப்பதான் முடியும்?"

"தேங்குறது கண்ணுக்கே தெரியலன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

ஆசிரியர் அறைக் கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கு நாள் பூராவும் ஓடும். நடுவில் கரண்ட் போய்விட்டால் பாதி சார் துக்க வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்துவிடுவார். நாங்களும் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். ஒருவர் தண்ணீர்கூடக் கொண்டுவந்து கொடுத்தார்.

பாடப் புத்தகங்களில் உள்நாடு, வெளிநாடு என்றுதான் இருக்கும். இவர் மட்டும் ஏன் ஊர்ப் பெயர் வைத்தார் என்று ஒருநாள் கேட்டேன். முகம் சுண்டிவிட்டது.

"எதை உள்நாடுன்னு போடுறதுன்னு தெரியல சார்."

விஷயம் இதுதான். நெரவியில் விவசாயம் பார்ப்பவர் அவருடைய அப்பா. மகனைத் தவிர அவருக்கு யாரும் கிடையாது. மகனோ கிளிஞ்சல்மேட்டுச் செல்வியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மாலையும் கழுத்துமாக நேரே வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டார். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. கதவைச் சாத்தினார்.

"எல்லாத்துலயும் பாதி பாதின்னு போனவன், அன்னைக்கு மட்டும் முழு அடி வச்சுட்டேன் சார். வெடிச்சிடுச்சு" என்றார். அப்பா தனியாகப் பொங்கித் தனியாகச் சாப்பிடுகிறார் என்ற நினைப்பில், கிளிஞ்சல்மேட்டில் குடியிருந்த இவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கதவு திறக்காமலே போய்விடுமோ என்ற பயம்தான் அவரை அரித்தது.

அதற்கும் அவர் கையில் இருந்தது அந்த ஒரே வைத்தியம். ஞாயிற்றுக்கிழமைதோறும் நெரவிக்குப் பஸ் ஏறினார். முதலில் முக்கத்து டீக்கடை வரைக்கும். வயலில் நிற்கும் அப்பா கண்ணில் படும்படி ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார். அப்பா முகத்தைத் திருப்பாவிட்டால் அடுத்த வாரம் மீதித் தூரத்தில் பாதி. திருப்பிவிட்டால் கொஞ்சம் பின்வாங்கல்.

"இவரு கணக்கு முடியறதுக்குள்ள எனக்குப் பல்லெல்லாம் கொட்டிடும் சார்" என்றாள் செல்வி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிறு நானும் கூடப் போனேன். அதற்குள் வாய்க்கால் மதகு வரை முன்னேறியிருந்தார். அங்கிருந்து பார்த்தால் வீடு தெரிகிறது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"நாலு எட்டு வச்சா வாசல்! போய்க் காலைப் புடிச்சுக்கயேன்யா!"

"நான் ஒரு நாடுதான் சார். அந்த நாடும் நகரணும்ல?"

அன்றைக்கு அந்த நாடு நகர்ந்தது. அப்பா நடந்து வந்து மதகின் மறுகோடியில் உட்கார்ந்தார். எங்களைப் பார்க்கவில்லை. வயலைப் பார்த்துக் கேட்டார்.

"அங்க மீன்பாடெல்லாம் எப்படி?"

"பரவால்லப்பா."

அவ்வளவுதான். அவர் எழுந்து போய்விட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பாதி சார் "பரவால்லப்பா, பரவால்லப்பா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வந்தார். கண்டக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

கொஞ்ச நாள் கழித்துச் செல்வி வந்து கூப்பிட்டாள். "இந்த வாரம் நானும் போறேன். நீங்களும் வாங்க சார். இவரு நடுவழியில உக்காந்துடுவாரு."

மூவரும் போனோம். அவர் மதகிலேயே நின்றுகொண்டார், நானும் நின்றேன். செல்வி தனியாக நடந்து, வாசலுக்குக் கொஞ்சம் இப்பால் நின்றாள். எத்தனையோ வாரம் கேட்ட பாடமாயிற்றே. கதவு திறந்தது. அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"வெயில்ல ஏம்மா நிக்கிற? உள்ள வா."

அவள் உள்ளே போனாள். கதவு சாத்தப்படவில்லை. பாதி சார் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்து, கல்யாணத்துக்குப் பிறகு அந்த மனிதர் பாதியில் நிறுத்தாமல் செய்த காரியம் அது ஒன்றுதான். என் சட்டை நனைந்துகொண்டிருந்தது. நான் நகரவில்லை.