ரேஞ்சு உண்டு, மாமா!

காற்றில் போகிற எதையும் வழிமறித்து விசாரிக்கும் அதிகாரம் இந்தப் பூமியில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் எங்கள் ரேஞ்சர். வன இலாகாவுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தொண்ணூறுகளில் வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் கையோடு கார்ட்லெஸ் போன் கொண்டுவந்தார்கள். கேரள எல்லையில் எங்கள் பாறசாலைப் பக்கம் எந்த வீட்டில் குரல் கரகரத்தாலும் இவர் வந்து நின்று, மூக்கைச் சுளித்து, "ரேஞ்சு இல்ல மக்கா" என்பார். பெயர் ஒட்டிக்கொண்டது.

மஸ்கட்டில் இருந்து திரும்பியவர். அங்கே என்ன வேலை என்று கேட்டால், "எல்லாம் ஏர் வழியாக்கும்" என்பார். ஏர்கண்டிஷனர் விற்கிற கடையில் இருந்தார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

எங்கள் வீட்டு போன் இரைந்தபோது முதலில் என் மனைவியின் வளையலைக் கழற்றச் சொன்னார். அப்புறம் கோழிக்கூட்டை நகர்த்தினோம். கொடியில் கிடந்த வேட்டியையும் விடவில்லை. "ஈரத்துணி ரேஞ்ச குடிச்சிரும்!" கடைசியில் மொழியில் வந்து நின்றார்.

"எலே, தமிழு கனமுள்ள பாஷையாக்கும். ரேஞ்சு கொறஞ்சா மலையாளத்துல பேசணும். லேசாட்டு போவும்."

அன்றிலிருந்து என் மனைவி தன் அம்மாவிடம் போனில், வாசலில் நின்றால் தமிழும் ரேஞ்சு குறைகிற கிணற்றடியில் மலையாளமும் பேசினாள். சிரிக்காதீர்கள், நானும் பேசினேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு லீலாவின் மாமனார் தங்கையா வழுக்கி விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டோடு பின்னறைக் கட்டிலில் கிடந்தார். ஒரே மகன் துபாயில். வெள்ளிக்கிழமைதோறும் போன் வரும். போன் லைன் வந்து சேரும் தாய்ப்பெட்டி முன்னறையில்; அந்த ஒயர் பின்னறைக்கு எட்டாது. பின்னறைக்குக் கொண்டுபோனால் கையில் பிடித்துப் பேசும் கைக்கருவி இரைச்சலைத் தவிர எதையும் தராது. லீலா இங்கும் அங்கும் ஓடி மாமனார் சொன்னதை வந்து சொல்லுவாள். சில வாரங்களில் மகனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"சத்தியத்த சொல்லு. அப்பா உண்டா, போயாச்சா?"

அடுத்த வெள்ளி அப்பாவின் குரல் கேட்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வருவதாகச் சொல்லி அழுதான்.

ரேஞ்சர் களத்தில் இறங்கினார். தாய்ப்பெட்டியை அலமாரி மேல் ஏற்றினார். ஜன்னலை மறைத்த வாழையைச் சாய்த்தார். ஆன்டெனாவில் குடைக்கம்பியைக் கட்டினார். பின்னறையில் நின்று, "ஹலோ, கேள்க்காமோ?" என்று மலையாளத்திலும் கூவிப்பார்த்தார். இரைச்சல் இரைச்சலாகவே இருந்தது.

"கட்டில முன்னறைக்கு மாத்துவோம் மாமா" என்றாள் லீலா.

"செத்த பொறவு அங்கதான கெடத்துவியோ? அதுக்கு முந்தி ஒருத்தனும் என்ன அங்க கெடத்தப்பிடாது!"

வாஸ்தவம்தான். எங்கள் பக்கம் முன்னறையில் கிடத்தினால் ஊர் கூடிவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை ரேஞ்சர் தன் வீட்டுக் கயிற்றுக் கட்டிலைத் தலையில் சுமந்து வந்தார். லீலா வீட்டு முன்னறையில் போட்டார். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தே விட்டார்.

"தங்கையா மாமா! நான் இஞ்ச கெடக்கேன், நீங்களும் வாங்க. ஒருத்தன் கெடந்தா சாவு வீடு. ரெண்டு பேரு கெடந்தா அது ஆசுத்திரியாக்கும்!"

பின்னறையில் மாவுக்கட்டு குலுங்க ஒரு சிரிப்பு கேட்டது. நாலு பேராகக் கட்டிலோடு தூக்கிவந்து பக்கத்தில் வைத்தோம்.

போன் அடித்தது. பெரியவர் கைக்கருவியை வாங்கி, ரேஞ்சரைத் திரும்பிப் பார்த்தார்.

"மலையாளத்துல பேசணுமாடே?"

"வேண்டாம். தமிழிலயே பேசுங்க. ரேஞ்சு உண்டு, மாமா."

"எலே மக்கா, நான் உண்டுடே" என்றார் பெரியவர். அந்தப் பக்கம் மகன் அழுதது முன்னறை முழுக்கக் கேட்டது. ரேஞ்சர் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

மாவுக்கட்டு வெட்டும்வரை வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் கயிற்றுக் கட்டிலும் வந்தது.

இப்போது எங்கள் வீட்டில் வைஃபை. படுக்கையறைக்கு வராது. வீடியோ காலில் முகம் உறைந்து நின்றால் என் மகன் திட்டுவான். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பெட்டியின் பக்கத்தில் உட்காருவேன். எப்போதும் ரேஞ்சர் கணக்குப்படி இன்னொரு நாற்காலியும் போட்டுவைப்பேன்.