பூ வைக்க வந்த அன்று போட்ட சோகப் பாட்டு

பிள்ளையார்பாளையம்,
ஞாயிறு மாலை

அன்புத் தம்பி ராஜகோபாலுக்கு அக்கா காமாட்சியம்மாள் ஆசீர்வாதம். உன் முட்டிவலி தேவலையா? போனில் பேசினால் உனக்கு மட்டும் கேட்பதில்லை, தெருவுக்கெல்லாம் கேட்கிறது. அதனால் கடிதம்.

இன்று காலை நம் அகிலாவுக்குப் பூ வைக்க வந்தார்கள். அப்போது கூடத்தில் இருந்தவர்கள்: மாப்பிள்ளையின் தாத்தா பஞ்சாட்சரம், மாப்பிள்ளையின் அம்மா காவேரி, நம் பக்கம் என் மகன் குமரகுரு, மருமகள் மங்கையர்க்கரசி, பேத்திகள் அகிலா, அனு, நான். ஒருவரையும் விடவில்லை. நாளைக்கு யாரும் ‘நான் அங்கே இல்லை’ என்று சொல்லக் கூடாது.

காவேரி பூ வைத்தாள், கேசரி தின்றார்கள், தட்டு மாற்றி முகூர்த்த நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து பஞ்சாட்சரம் சின்ன வயதில் பார்த்த படம் ஒன்றைச் சொன்னார். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் இருப்பார்களே, அண்ணி ஊஞ்சலில் உட்கார்ந்து பாடுவாளே, அதுதான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “அந்த ஊஞ்சல் பாட்ட போடுடி அனு” என்று சொல்லித் தொலைத்தேன். அந்தக் காலத்துப் படத்தில் ஒரே பாட்டு இரண்டு தடவை வரும். முதலில் குடும்பமே ஊஞ்சலைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டு பாடும். அப்புறம் வீடு இரண்டானதும் அதே பாட்டை அண்ணி தனியாக அழுதுகொண்டு பாடுவாள். தொடக்க வரி இரண்டுக்கும் ஒன்றுதான். அனு போனில் போட்டது அழுகிற பாட்டு. ஷெனாய் இழுத்ததுமே நான் கத்தினேன்.

“நிறுத்துடி!”

“இன்னா ஆயா, நீதான கேட்ட? செம ஃபீலா இருக்குது, கேளு.”

“குடும்பம் பிரியற பாட்டுடி!”

“சும்மா இரும்மா, பெரியவரு ரசிச்சிக்கினு இருக்காரு” என்கிறான் குமரகுரு.

ரசிப்பா அது? மனிதர் தேம்பிக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்தார், “நாளெல்லாம் அப்பால பாத்துக்கலாம்மா” என்றார், குமரகுருவின் செருப்பை மாட்டிக்கொண்டு காரில் ஏறிவிட்டார். காவேரி பாதிக் காபியை வைத்துவிட்டுப் பின்னால் ஓடினாள். தாம்பூலத் தட்டு வைத்த இடத்திலேயே இருக்கிறது. “பாட்டு கேட்டது போதுமா அத்த?” என்று மங்கையர்க்கரசி இதுவரை நான்கு முறை கேட்டுவிட்டாள். அகிலா அந்தப் பிள்ளையைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்றவள். வைத்த பூவோடு கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

நீ ஆரணியில் மாப்பிள்ளை வீட்டுத் தெருவிலேயே இருக்கிறாய். கடிதம் கண்டதும் போய், பாட்டு மாறிவிட்டது, சகுனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பக்குவமாகச் சொல். சிரிக்கிற பாட்டைப் போட்டுக் காட்டு. மறுபடி தப்பானதைப் போட்டுவிடாதே. உன் பேரப்பிள்ளைகளைக் காமாட்சி அம்மன் கண்ணை மூடாமல் காக்கட்டும்.

உன் அக்கா,
காமாட்சியம்மாள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது காவேரி போன் செய்தாள். நீ எங்கும் போக வேண்டாம். பஞ்சாட்சரம் இங்கிருந்து நேரே ஓரிக்கைக்கு, பன்னிரண்டு வருடமாகப் பேசாத தம்பி வீட்டுக்குப் போய் நின்றாராம். இரண்டு கிழவர்களும் கட்டிக்கொண்டு அழுதார்களாம். நாளைக் காலை ஒன்றாக வந்து நாள் குறிக்கிறார்கள். “அந்தப் பாட்ட கேட்டுட்டுத்தான படத்துல அண்ணன் தம்பி ஒண்ணு சேருவாங்களாம். மாமா சொன்னாரு. உங்களுக்குத் தெரியாதாம்மா?” என்று சிரிக்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்? அறுபத்தைந்து வருடத்துக்கு முன்னால், அண்ணி அழத் தொடங்கியதுமே டென்ட் கொட்டகை அதிர அலறிய நான்கு வயதுத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பாதிப் படத்தில் வெளியே வந்தவள் நான். அனுவை மன்னித்தாயிற்று. செருப்பையும் மன்னித்தாயிற்று. ஒருவனை மட்டும் மன்னிக்க மாட்டேன். அவன் பெயர் ராஜகோபால்.