நான் கல்லூரிக்குப் போகவில்லை என்பதற்கான சான்று

நான் அதிகம் பேசமாட்டேன். அது நல்ல குணம் என்று இருபத்தாறு வயது வரை நம்பியிருந்தேன். வாயைத் திறக்காமல் இருந்தால் வம்பு வராது என்று நினைப்பவர்கள் இதைப் படிக்கலாம். வம்புக்கு நம் வாய் தேவையில்லை. வீட்டில் இருக்கிற மற்ற வாய்கள் போதும்.

எங்கள் வீடு கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்தில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். பிற்பாடு அப்பா ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் ஆனார். நான் பன்னிரண்டாவது முடித்ததும் ஓசூரில் வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்டில் சேர்ந்தேன். மூன்று ஷிஃப்ட். லைனில் நின்றுகொண்டே வேலை.

இரண்டு வருடம் நின்ற பிறகு உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று வேண்டும் என்று தோன்றியது. அதற்கு டிகிரி கேட்டார்கள். பி.காம். சேர்ந்தேன். தொலைதூரக் கல்வி.

சேர்ந்ததில் நான் தவறு செய்யவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் மற்ற எல்லாவற்றிலும் செய்தேன். எங்கள் லைனில் இருந்த ஒருத்தி, ஏதோ ஒரு கடையில் பணம் கட்டி ஒரே வருடத்தில் டிகிரி வாங்கினாள். மூன்று வருடப் படிப்பு ஒரு வருடத்தில் எப்படி முடிந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவள் வேறு வேலைக்குப் போனபோது அந்தக் கம்பெனி கேட்டது. 'இந்தப் பெயரில் எங்களிடம் யாரும் படிக்கவில்லை' என்று பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அதனால் நான் நெட் சென்டரில் உட்கார்ந்து பார்த்தேன். பல்கலைக்கழகம் உண்மையானதா என்பது ஒரு கேள்வி. தொலைதூரத்தில் பாடம் நடத்த அதற்கு டெல்லியிலிருந்து அனுமதி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. நான் சேரும் வருடத்துக்கு இருக்கிறதா, நான் சேரும் படிப்புக்கு இருக்கிறதா என்று இன்னும் இரண்டு. போன வருடம் பட்டியலில் இருந்த பெயர் இந்த வருடம் இல்லாமல் போகலாம். ஒரு படிப்புக்கு அனுமதி இருக்கும், பக்கத்துப் படிப்புக்கு இருக்காது. கடைசியாக, அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தர மதிப்பீட்டில் என்ன கிரேடு என்று பார்க்க வேண்டும். எல்லாம் பார்த்தேன். எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்தேன்.

"ஏம்மா, நீ அங்க படிக்கப் போறியா, இல்ல அவங்க மேல கேஸ் போடப் போறியா?" என்றார் நெட் சென்டர்காரர்.

மூன்று வருடப் படிப்பை நாலரை வருடத்தில் முடித்தேன். பஸ்ஸில் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கும் பரீட்சைக்கும் கிருஷ்ணகிரி போனேன். ஒரு பேப்பரை மூன்று தடவை எழுதினேன். (எந்தப் பேப்பர் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கும் சொல்லவில்லை.)

பட்டச் சான்றிதழ் தபாலில் வந்த அன்று எனக்கு இரண்டாவது ஷிஃப்ட். நான் வீட்டுக்கு வருவதற்குள் அப்பா அதை ஃப்ரேம் போட்டுவிட்டார். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, கண்ணாடியில் குங்குமமும் வைத்திருந்தார்கள். கீழ் ஓரத்தில் ஒரு வரி மரச் சட்டத்துக்குள் போயிருந்தது. தொலைதூர முறையில் படித்தது என்று சொல்லும் வரி அது. கவனித்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஜூஜுவாடி பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட் வேலை காலி என்று தெரிந்தது. நிரந்தர வேலை. நாற்காலி உண்டு. எழுதிப் போட்டேன். இன்டர்வியூவில் தேர்வானேன். சான்றிதழை ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னார்கள். ஃப்ரேமைக் கழற்றச் சோம்பல். சுவரில் மாட்டியிருந்ததை அப்படியே போனில் போட்டோ எடுத்து அனுப்பினேன். குங்குமத்தோடு.

"வெரிஃபிகேஷன் நடக்கும். வீட்டுக்கும் ஆள் வருவாங்க" என்றார்கள். சரி என்றேன். பழைய கம்பெனியில் ஒரு மாத நோட்டீஸில் ராஜினாமாவும் கொடுத்தேன். வீட்டில் எதையும் சொல்லவில்லை. வேலை கையில் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று.

ஆள் வந்த அன்று நான் முதல் ஷிஃப்டில் இருந்தேன். லைனுக்குள் போன் கொண்டு போகக் கூடாது. லாக்கரில் கிடந்தது. வீட்டில் நடந்ததை அம்மாவும் பக்கத்து வீட்டு ராஜம்மா அக்காவும் பிற்பாடு சொன்னபடி எழுதுகிறேன்.

நல்ல சட்டை, பேன்ட், தோளில் பை, பெங்களூரு வண்டி. "மஞ்சுளாங்கறவங்க வீடு இதானா? அவங்களப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும்" என்றிருக்கிறார். எந்தக் கம்பெனிக்காக என்று சொல்லக்கூடாது என்பது அவர்களுக்கு விதியாம். அவர் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் கல்யாண வயதில் பெண் இருக்கிற வீட்டுக்குத் தெரியாத ஆள் வந்து விசாரித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதுவும் முதல் தடவை வந்தவரிடம் பையனைப் பற்றிக் கேட்டால், பெண்ணைத் தள்ளிவிட அலைகிற மாதிரி இருக்கும். அதனால் அம்மா கேசரி கிளறப் போய்விட்டார்.

முந்தின வருடம் இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. ஒருவர் "ஷிஃப்டுக்குப் போற பொண்ணா?" என்று இழுத்தார். இன்னொருவர் "தபால் படிப்பா?" என்று சிரித்தார். இந்தத் தடவை விடக்கூடாது என்று அப்பா தீர்மானித்துவிட்டார்.

"படிப்பு எங்க சார்?" என்று வந்தவர் கேட்டார்.

"ரெகுலர் காலேஜுங்க. மூணு வருஷமும் தினம் பஸ்ல போயிட்டு வந்துச்சு பாப்பா. ஒரு நாள் லீவு போட்டதில்ல."

"வேலை?"

"வேலைக்கெல்லாம் அனுப்பலைங்க" என்று அம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுத்திருக்கிறார். "வீட்டோடதான் இருக்கு."

"இப்ப வீட்ல இருக்காங்களா?"

"கோயிலுக்குப் போயிருக்கு."

"எத்தனை வருஷமா இதே வீடு?" என்று கேட்டபோது ராஜம்மா அக்காவுக்குச் சந்தேகமே போய்விட்டதாம். "மஞ்சி சம்பந்தம்", நல்ல சம்பந்தம் என்று தெலுங்கில் அம்மா காதில் சொல்லியிருக்கிறார். வீட்டை ஒரு போட்டோ எடுக்கணும் என்று அவர் கேட்டபோது, கொடியில் கிடந்த துணியை எல்லாம் எடுத்து, அம்மா பொங்கல் சேலைக்கு மாறி, மூன்று பேரும் வாசலில் வரிசையாக நின்றார்கள். கடைசியில் ஒரு தாளில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார்.

"எழுதி வாங்கிக்கற குடும்பம்" என்றார் அப்பா, அவர் போன பிறகு. "நாளைக்குப் பேச்சு மாறமாட்டாங்க."

நான் வந்தபோது எல்லார் முகத்திலும் சிரிப்பு. கேசரி வைத்தார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. இரண்டு தட்டு சாப்பிட்டேன். என் வேலைக்கு வேட்டு வைத்த கேசரி அது. நன்றாக இருந்தது.

நான்காம் நாள் புதுக் கம்பெனியில் கூப்பிட்டார்கள். எச்.ஆர். மேடம் கோயம்புத்தூர்க்காரர். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். திரையில் அப்பா, அம்மா, ராஜம்மா அக்கா. அம்மா தலையில் பூ.

"காலேஜுக்குப் போனீங்களா, மஞ்சுளா?"

"இல்லைங்க."

"தினமும் போனதா உங்கப்பா சொல்லியிருக்காரு."

"போகல."

"அப்புறம் டிகிரி எப்படிங்க வந்துச்சு?"

"தபால்ல."

அவர் என்னைப் பார்த்த பார்வை அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது.

"ஏழு வருஷம் வேலை பார்த்ததா எழுதியிருக்கீங்க. வேலைக்கே போனதில்லைன்னு வீட்ல சொல்றாங்க."

"போனேன்."

"எங்க ஆள் வந்தப்போ எங்க இருந்தீங்க?"

"கம்பெனில."

"கோயில்லன்னு இருக்குதுங்க."

திரையில் அம்மா தலையில் இருந்த பூவையே பார்த்தேன்.

"சர்டிபிகேட்ல கீழ் ஓரமே காணோம். எந்த முறையில படிச்சீங்கன்னு அங்கதான் இருக்கும். ஏன் மறைச்சீங்க?"

"ஃப்ரேம்."

"என்னதுங்க?"

"ஃப்ரேம் போட்டிருக்கு."

நான் எழுதியது ஒன்று. வீட்டில் சொன்னது ஒன்று. சான்றிதழில் சொல்ல வேண்டிய வரியைக் காணவில்லை. இது போலிக்காரர்கள் செய்கிற வேலை என்று மேடம் பொறுமையாகச் சொன்னார். ஒரே நேரத்தில் தினமும் கல்லூரியிலும் தினமும் லைனிலும் ஒரு ஆள் இருக்க முடியாது. ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். என் பெயர் சிவப்புக் கட்டத்தில் இருந்தது. பத்து நாள் கொடுத்தார்.

பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவுக்கு என் பதிவு எண்ணை அனுப்பிக் கேட்டிருக்கிறார்களாம். பதில் அங்கிருந்து நேராக இவர்களுக்கு வர வேண்டும். நானே போய் வாங்கி வந்தால் செல்லாது. அது நியாயம்தான். என்னைப் பற்றி நானே சாட்சி சொல்வதை யார் நம்புவார்கள்? நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். கல்லூரிக்குப் போகவில்லை என்று நிரூபிக்க வேண்டும். ஊரில் எல்லாரும் போனதற்குச் சான்று வாங்க அலைகிறார்கள்.

பழைய கம்பெனியில் ராஜினாமாவைத் திரும்ப வாங்கவும் வழியில்லை. என் இடத்தில் வேறு ஒருத்தி பழகிக்கொண்டிருந்தாள். நானே கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, என் வாழ்நாளிலேயே நீளமான பேச்சைப் பேசினேன். ஐந்து வாக்கியம் இருக்கும்.

"அப்போ மாப்ள வீடு இல்லையா?" என்றார் அம்மா. "முந்திரி எல்லாம் போட்டேனேடி."

"வேலைக்கும்மா."

"வேலைக்கு ஆள் எடுக்கறவங்க வீட்டுக்கு ஏண்டி வர்றாங்க? பொண்ணு கேக்கத்தானே வீட்டுக்கு வருவாங்க? நீயாச்சும் வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"



அப்பா ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தார். ஃப்ரேமைச் சுவரிலிருந்து இறக்கி, பின்னால் இருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினார்.

"கடைக்காரன் மேல தப்பில்ல பாப்பா. அந்த வரி தெரியாம போடுன்னு நான்தான் சொன்னேன்."

"ஏம்ப்பா?"

"கேவலமா இருந்துச்சு."

"யாருக்கு?"

கடைசி ஆணியையும் நெம்பி எடுத்தார்.

"எனக்குத்தான். உன்ன காலேஜுக்கு அனுப்ப வக்கில்லாதவன்னு அதுல எழுதியிருக்கற மாதிரி இருந்துச்சு."

அப்பா ஐந்தாவது வரை படித்தவர். மறுநாள் ஒரு வெள்ளைத் தாளில் அவரே எழுதினார். நான் திருத்தவில்லை. 'நான் உங்கள் ஆளிடம் சொன்னது பொய். என் மகள் காலேஜுக்குப் போகவில்லை. அனுப்ப எங்களால் ஆகவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே அவளாகப் படித்தாள். பொய் சொன்னது நான். அவளுக்குத் தெரியாது.' கீழே கையெழுத்து. கொடுக்கவும் அவரே வந்தார், வாட்ச்மேன் யூனிஃபார்மிலேயே. கேட்டில் இருந்த செக்யூரிட்டி அவரைப் புது ஆள் என்று நினைத்து, "நைட்டா, டேவா?" என்று கேட்டார்.

மேடம் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு நான் கொண்டு போன தாள்களை மேசையில் பரப்பினார். சட்டம் கழற்றிய சான்றிதழ். பழைய கம்பெனியின் டைம் ஆபீசில் கெஞ்சி வாங்கிய நாலரை வருட வருகைப் பஞ்ச் விவரம். பரீட்சை ஹால் டிக்கெட்டுகள். ஒவ்வொரு ஹால் டிக்கெட்டின் தேதியையும் பஞ்ச் தாளில் விரலை வைத்துத் தேடினார். அந்தந்த நாளில் மட்டும் நான் இல்லை. மற்ற நாளெல்லாம் இருந்தேன்.

நானும் அன்றுதான் அதை அப்படிப் பார்த்தேன். நான் லீவு போட்ட நாட்கள்தான் என் காலேஜ். மொத்தமாக வரிசைப்படுத்தினால் ஒரு பக்கத்துக்கு வரவில்லை.

"இந்தப் பேப்பர் மூணு தடவை எழுதியிருக்கீங்களே" என்றார் மேடம்.

"ஆமாங்க."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். (அவருக்கும் அன்றுதான் தெரியும்.)

எட்டாம் நாள் பல்கலைக்கழகத்தின் பதில் வந்தது. பதிவு எண் சரி. தொலைதூர முறை. நான் சேர்ந்த வருடத்தில் அந்தப் படிப்புக்கு அனுமதி உண்டு. சிவப்பு பச்சையானது. வேலையில் சேர்ந்தேன். நாற்காலி இருந்தது. உட்கார்ந்தேன்.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கிருஷ்ணகிரி. பத்திரிகை அடிக்கிற பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். பெண் பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடுவது வழக்கம். அப்பா எழுதிக் கொடுத்ததைப் பார்த்து அச்சகத்துக்காரர் போன் செய்தாராம்.

"அண்ணா, இதெல்லாம் யாரும் போடமாட்டாங்க. எடுத்துடட்டுமா?"

"எடுத்தா பத்திரிகையே வேணாம். போடு."

அடித்து முடித்து வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் பார்த்தேன். மஞ்சுளா, பி.காம்., (தொலைதூரக் கல்வி). அடைப்புக்குறிக்குள் இருந்த எழுத்து பெயரை விடக் கொஞ்சம் தடிமன். தாலி கட்டும் வரை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் பத்திரிகையைக் காட்டி, "பொண்ணு ரொம்பத் தொலைவுல இருந்து வருதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து கணவர் வீட்டில் என் பெயர் பிராக்கெட்டு. மாமியார் மட்டும் மரியாதையாக, பிராக்கெட்டம்மா. இந்த வருடம் நாத்தனாரும் தொலைதூரத்தில் எம்.காம். சேர்ந்திருக்கிறாள். ஒரே வீட்டில் இரண்டு பிராக்கெட்டு ஆகிவிட்டால் யாரை எப்படிக் கூப்பிடுவது என்று இரவுச் சாப்பாட்டில் பேச்சு நடக்கிறது. இன்னும் முடிவாகவில்லை.