நாற்றப் பை

"ஸொரினோவை நாத்தம் வராம உரிக்கத் தெரியுமா உனக்கு?"

போன குளிர்காலத்தில் நசீப் முதலாளி எல்லார் முன்னாலும் சுலேமாவைக் கேட்ட கேள்வி இது. கூச்சத்தில் அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்தத் தலையாட்டலுக்கு இன்று மதியம் சோதனை. முதலாளி தோல் வாங்க லாரியில் வருகிறார். வாடையில்லாத ஸொரினோத் தோலைக் காட்டினால், ரயிலடிக் கிட்டங்கியில் தோலுரிக்கும் வேலை அவளுக்கு. இல்லாவிட்டால் பத்து வருடமாக அதைச் செய்துவரும் அக்கா புருஷன் எவாரிஸ்தோவுக்கே.

ஸொரினோ பூனையளவுதான் இருக்கும். வாலடியில் திராட்சை போல இரண்டு நாற்றப் பைகள். கத்தி நுனி பட்டால் போதும், வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

சுலேமா மூச்சை அடக்கிக்கொண்டு பைகளைத் தனியே எடுத்தாள். தட்டில் வைத்துத் தகரக் கோப்பையால் மூடினாள். தோலைச் சட்டத்தில் மாட்டிக் கொழுப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது எவாரிஸ்தோ வந்தான். பனியில் நனைந்த பொஞ்சோப் போர்வையைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு அடுப்போரம் உட்கார்ந்தான்.

"கொழுந்தியா, குடிக்க சூடா மாத்தே இருக்கா?"

சுரைக்குடுவையை நீட்டினாள். அவன் இரண்டு முறை உறிஞ்சுவதற்குள் அவள் மூக்கு சுருங்கியது.

"என்ன, வெட்டிட்டியா?"

"இல்லையே அத்தான். பாத்துப் பாத்துதான் எடுத்தேன்."

"அப்ப இந்த வாடை வானத்துலேர்ந்து வருதா? பத்து வருஷத்துல ஒரு பை வெட்டினதில்ல நான். அதுக்குன்னு ஒரு கை வேணும்."

அவள் கோப்பையைத் தூக்கப் போனாள்.

"ஐயோ, திறக்காத! மிச்சமும் வெளிய வந்துரும். தரைய வினிகர் ஊத்திக் கழுவு."

கழுவினாள். இப்போது வீடு, ஊறுகாய் போட்ட ஸொரினோ போல நாறியது.

"அடுப்ப நல்லா மூட்டு. வாடை புகையோட போயிரும்."

விறகைத் திணித்தாள். சூடு ஏற ஏற நாற்றமும் ஏறியது. உடுப்பில்தான் பட்டிருக்கும் என்று ஏப்ரனைக் கழற்றி நெருப்பில் போட்டாள். புகை முழுக்க அறைக்குள் திரும்பியது.

உத்தரத்தில் பதினொரு நரித்தோல் தொங்கின. அவையும் நாறினால் குளிர்காலம் முழுக்கப் பட்ட பாடு போச்சு. வாரிக்கொண்டு ஓடி வேலியில் போட்டாள். பதகோனியக் காற்று சும்மா விடுமா? இரண்டை முள்கம்பியில் இழுத்துக் கிழித்தது. மூன்றாவதை ஆட்டுப்பட்டிக்குள் வீசியது. நரி பறந்து வருவதைப் பார்த்த ஆடுகள் படலைத் தள்ளிக்கொண்டு நாலாபக்கமும் ஓடின.

உள்ளே வந்தாள்.

"இனி ஒரே வழிதான்" என்றான் எவாரிஸ்தோ, குடுவையைக் கீழே வைக்காமலே. "தோல், பை எல்லாத்தையும் அடுப்புல போட்டுரு. ஸொரினோவே கிடைக்கலன்னு சொல்லிரலாம். நானும் அப்படித்தான் சொல்லப்போறேன்."

சுலேமா தோலைச் சட்டத்திலிருந்து உருவினாள். அடுப்புக் கதவைத் திறந்தாள். வெளியே லாரி ஹாரன் அடித்தது.

"போடு! சீக்கிரம்!"

கை போகவில்லை. தோலில் ஒரு கீறல் இல்லை, ஓர் ஓட்டை இல்லை. இவ்வளவு சுத்தமாக அவள் எதையும் உரித்ததில்லை.

நசீப் முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டே நுழைந்தார். பின்னால் லாரி ஓட்டும் கிழவர் ஆபெல்.

"அடக் கடவுளே! ஏம்மா, அன்னிக்கு அப்படித் தலைய ஆட்டினியே?"

"நான் அப்பவே சொன்னேன் முதலாளி, பொம்பளை கைன்னு" என்று பெருமூச்சு விட்டான் எவாரிஸ்தோ.

சுலேமா தட்டைக் கைகாட்டினாள்.

"திறக்காதீங்க!" என்று எவாரிஸ்தோ கத்துவதற்குள் ஆபெல் கோப்பையைத் தூக்கிவிட்டார்.

தட்டில் இரண்டு பைகள். கீறல்கூட இல்லாமல், முழுசாக, பளபளவென்று.

முதலாளி குனிந்து பார்த்தார். நிமிர்ந்து சுலேமாவைப் பார்த்தார். ஆபெல் தொப்பியை மாட்டக் கதவுக்குப் பின்னால் போனார். போன வேகத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"முதலாளி, இந்தப் பொஞ்சோக்காரரு காலையில எத்தனை ஸொரினோ உரிச்சாருன்னு கொஞ்சம் கேளுங்க."

எவாரிஸ்தோ குடுவையைக் கீழே வைத்தான். பொஞ்சோவை எடுத்துக்கொண்டு குதிரையை நோக்கி நடந்தான்.

குதிரை இரண்டடி பின்வாங்கியது.