எங்கள் தெரு அடையப்போகும் பயன்

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். இந்த அகால வேளையில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். பிள்ளை இப்போதுதான் கண்ணயர்ந்தான்; விழித்திருந்தால் பேனா அவன் வாயில் இருக்கும். சித்தப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே அனைவரும் நலம் என்று எழுத ஆசைதான். இவனுக்கு இந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக வயிற்றுப்போக்கு, எனக்குத் தலைவலி, உங்கள் மாப்பிள்ளைக்கு மௌனம்.

வெளிநாட்டில் இரண்டு வருடம் தண்ணீரைப் பற்றி மேற்படிப்புப் படிக்கப் பெண்களுக்கு உதவித்தொகை தருகிறார்கள், நீ விண்ணப்பம் போடு என்று சொன்னவர் நீங்கள். நீங்களே அப்படிப் போய்ப் படித்துவிட்டு வந்துதானே உங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ அறையை நிமிர்த்தினீர்கள் என்று நானும் போட்டுவைத்தேன். இடம் கிடைத்துவிட்டது. இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். வரவில்லை என்று சொல்லப்போகிறேன்.

காரணத்தைக் கேளுங்கள். உன் படிப்பால் உன் மக்கள் அடையும் பயன் என்ன, அவர்களில் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பு என்று, பதிலோடு சேர்க்க வேண்டிய படிவத்தில் இருக்கிறது. நானே இரண்டு பாரா அளந்துவிட்டிருக்கலாம். அசட்டுத்தனமாக மக்களையே போய்க் கேட்டேன். கீழ்வீட்டுத் தையல்காரர், ராத்திரி குழந்தை அழும் சத்தம் இருக்காது, அதுவே பெரிய பயன் என்று கையெழுத்துப் போட்டார். குழந்தை இங்கேதான் இருப்பான் என்றதும் அடிக்கப் பார்த்தார், கையெழுத்தைத்தான். வீட்டுச் சொந்தக்காரர் ஓர் ஆள் தண்ணீர் மிச்சம் என்று மனமாரப் போட்டார். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற குமாஸ்தா, தெருவிளக்கு, நாய்த்தொல்லை என்று நான்கு பக்கம் எழுதிக் கொடுத்து நகலும் கேட்டார். எப்படியோ ஒன்பது சேர்ந்தது. பத்தாவதுக்கு மாமியாரிடம் நீட்டினால், "ஊருக்குப் பயன் இருக்கட்டும்மா. இவனுக்கு என்ன பயன்னு எழுதியிருக்கே?" என்று கேட்டார். படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இதற்குள் தெருவில் நான் படித்தே முடித்துவிட்டதாக முடிவுகட்டி, ஆளாளுக்குத் தங்கள் வீட்டுத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் கேட்டுப் பதினோரு சோதனைக் குப்பிகள் வாங்கிவந்து, எங்கள் வீட்டுத் தண்ணீரையும் சேர்த்து நிரப்பிவைத்தேன். உள்ளே ஒரு மருந்துத்தாள் இருக்கும். சாக்கடை கலந்த தண்ணீர் என்றால் ஓரிரு நாளில் கறுத்துவிடும். நேற்றிலிருந்து அவை அலமாரி மேல் உட்கார்ந்திருக்கின்றன. தையல்காரர் வேளாவேளைக்கு மாடியேறி வந்து, "எங்க வீடு பாஸாம்மா?" என்கிறார். இருமல் மருந்து என்று மாமியார் ஒன்றைத் திறக்கப்போக, நான் பிடுங்கிவிட்டேன்; அதிலிருந்து பேச்சில்லை. உங்கள் மாப்பிள்ளை "உன் இஷ்டம்" என்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

இவனுக்கு ஒன்றரை வயது, சித்தி. திரும்பி வரும்போது என்னை அத்தை என்று கூப்பிடுவான். அதனால் நான் வரவில்லை என்று உதவித்தொகைக் குழுவினரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். உங்கள் சிபாரிசை வீணாக்கிவிட்டு அவர்களுக்கு எழுத எனக்கு முகமில்லை. சித்தப்பாவுக்கு என் வணக்கம். தங்கை நன்றாகப் படிக்கட்டும், என்னைப் போல நடுவில் நிற்காமல்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் அலமாரியைப் பார்த்தேன். சாயந்திரம் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தன. இப்போது நான்கு கறுத்திருக்கின்றன. நான்காவது எங்களுடையது. இவனுக்குக் குடிக்கக் கொதிக்கவைத்துத்தான் கொடுக்கிறேன். ஆனால் குளிப்பாட்டும்போது வாயைத் திறந்து மக்கிலிருந்து குடிப்பான். நாங்கள் பார்த்துச் சிரிப்போம்.

கறுத்திருக்கிறது என்று சொல்ல மட்டும்தான் எனக்குத் தெரியும். சாக்கடை எங்கே கலக்கிறது, எப்படி நிறுத்துவது என்பது எனக்கும் தெரியாது, இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. விடிந்ததும் வீடு வீடாகப் போய்க் கொதிக்கவைக்கச் சொல்ல வேண்டும். மாமியாரை எழுப்பிக் குப்பியைக் காட்டினேன். வாங்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பேனா எங்கே?" என்று கேட்டார்.

ஆகவே அந்தக் குழுவினரிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். மாமியாரால் தனியாக இவனைத் தூக்கி வளர்க்க முடியாது. மாதத்தில் ஒரு வாரமாவது நீங்கள் இங்கே வந்து இருக்க முடியுமா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.