ரைன் நதியில் மூன்று மணி நேரம்

"கண்ணைத் திறங்க பாய்" என்று மூன்றாவது முறையாகச் சொன்னார் ஸ்டுடியோக்காரர்.

நூஹு கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். கண் மூடிய போட்டோவை விசா அலுவலகத்தில் வாங்கமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார்.

"லைட்டு கூசுது."

"லைட்டே இன்னும் போடலியே!"

நூஹு திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். ஃபிளாஷ் அடித்தது. ஐம்பத்திரண்டு வயதுக்குள் அவரை எடுத்த படங்களில் அதுதான் மிக அழகாக வந்தது. ஸ்டுடியோக்காரர் அதைப் பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

நூஹு காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். துபாயின் அல் குசைஸில் அந்த ஏப்ரல் மாதமே வெயில் தாருக்குள் இறங்கியிருந்தது. அவருக்கு ஜெர்மனிக்குப் போக விருப்பமில்லை. அதை யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

எல்லாம் ஒரு பிஸ்கட் கம்பெனியால் வந்தது. நூறு பெட்டி பிஸ்கட் வாங்கிய மளிகைக் கடைக்காரர்களின் பெயர்களைக் குலுக்கிப் போட்டார்கள். கீழக்கரை நூஹுவின் பெயர் வந்துவிட்டது. கணவன், மனைவி இருவருக்கும் ஐந்து நாள் ஜெர்மனி. அதில் ஒரு நாள் ரைன் நதியில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மூன்று மணி நேரக் கப்பல் பயணம். மே மாதம் இரண்டாம் வாரம்தான் போக வேண்டும், தேதியை மாற்ற முடியாது.

ஆங்கிலத்தில் வந்த அந்தக் கடிதத்தை, திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்த மகள் ஹிஃப்ஸாவுக்கு போன் போட்டு எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டித்தான் அவரே விஷயத்தைத் தெரிந்துகொண்டார்.

"வாப்பா! நீங்க ரெண்டு பேரும் ஜெர்மனி போறிய!" என்று கத்தினாள் ஹிஃப்ஸா.

"நான் போவல. நீ உம்மாட்ட சொல்லாத. கம்பெனிக்காரன்ட்ட வேணாம்னு எழுதிக் குடுத்துருவேன்."

காரணம் இருந்தது. வருடத்தில் அந்த ஒரு வாரம்தான் நூஹுவால் கடையை விட்டு நகர முடியும். புஜைரா துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் பெரியப்பா மகன் அகமது கபீருக்கு அந்த வாரம்தான் லீவு. அவர் வந்து கடையைப் பார்த்துக்கொள்வார். நூஹுவும் ஜுலைஹா பீவியும் திருச்சிக்குப் போய் மகளோடு நான்கு நாள் இருப்பார்கள். எட்டாம் வகுப்பில் ஊருக்கு அனுப்பிய மகளை அவர்கள் பார்த்ததெல்லாம் இப்படி வருடத்துக்கு நான்கு நாள் கணக்கில்தான். இந்த மே மாதம் அவளுக்குக் கடைசிப் பரீட்சை முடிகிறது. அவளை அழைத்துக்கொண்டு சொந்த ஊரான கீழக்கரைக்குப் போவதாக இருந்தார்கள். சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கும் ஹஸ்னைனின் வீட்டாரும் அப்போது பெண் பார்க்க வருவதாகப் பேச்சு.

மறுநாள் ஹிஃப்ஸாவே கூப்பிட்டாள்.

"வாப்பா, தப்பு பண்ணிட்டேன். உம்மாட்ட வாய் தவறிச் சொல்லிட்டேன்."

"அல்லாவே!"

"உம்மாக்கு சந்தோஷம் தாங்கல வாப்பா. அழுதாஹ. இருபத்திரண்டு வருஷமா உங்க வாப்பா என்னைய ஒரு பார்க்குக்குக்கூட கூட்டிட்டுப் போனதில்ல, இப்பத்தான் அல்லா கண்ணத் தொறந்துருக்கான்னு சொன்னாஹ. உங்கள்ட்ட காட்டிக்கமாட்டாஹ. நீங்களும் கேக்காதீய."

நூஹு சமையலறையை எட்டிப் பார்த்தார். ஜுலைஹா பீவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்ன மச்சான்?"

"ஒண்ணுமில்ல" என்றார் நூஹு. இருபத்திரண்டு வருடம். எதிர்க் கட்டடத்தின் சுவரைப் பார்த்த ஒரே ஜன்னல். அதற்குப் பக்கத்தில் நின்று இவள் எத்தனை மூட்டை வெங்காயம் நறுக்கியிருப்பாள்! வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

தான் சொல்லக் கூடாது, வேறு யாராவது சொல்ல வேண்டும் என்று அவர் தீர்மானித்தது அப்போதுதான். போட்டோ கைகொடுக்கவில்லை. அடுத்து விசா அலுவலகத்தை நம்பினார்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்கார அம்மாள், "எதற்காக ஜெர்மனி போக விரும்புகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஜுலைஹா பீவி பின்னால் நாற்காலியில் இருந்தாள். அவளுக்குக் கேட்காது.

நூஹு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உண்மையைச் சொன்னார். "எனக்கு விருப்பமே இல்லை, மேடம்."

"இல்லையா?"

"குளிர் ஆகாது. தண்ணீர் பயம். கடையைப் பூட்ட முடியாது. மகளைப் பார்க்க வேண்டும். தயவுசெய்து விசா கொடுக்காதீர்கள்."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். வருகிற எல்லாரும் கெஞ்சுகிறார்கள், போனால் பாதிப் பேர் திரும்புவதில்லை, உங்களைப் போன்ற மனிதர்தான் சொன்ன தேதியில் வீட்டுக்குத் திரும்புவார் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். மூன்றாம் நாள் இரண்டு பாஸ்போர்ட்டிலும் விசா வந்துவிட்டது.

இனி மார்க்கத்தின் தடையைச் சொல்வதை விட்டால் வழியில்லை என்று தோன்றியது. அன்று மத்தியானம் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"ஜுலைஹா, அந்தத் திராட்சை இருக்குல்ல, அது திங்கிற திராட்சை இல்லியாம்."

"பொறவு?"

"ஒயின் காய்ச்சுற திராட்சை. அந்த ஆத்தோரம் பூராம் அதுதான் தொழிலு. கப்பல்ல ஏறுனா ஆளுக்கொரு கிளாஸ் குடுப்பானாம். நம்மளப் போல ஆளுக போற எடமா அது?"

ஜுலைஹா பீவியின் கை சோற்றில் நின்றது. நூஹு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"நாம குடிக்கவா போறோம்? பாக்கத்தானே போறோம்" என்றாள் அவள், தட்டைப் பார்த்துக்கொண்டே. "மனசு சுத்தமா இருந்தா போதும் மச்சான்."

அதோடு நிற்கவில்லை. அவள் சந்தேகம் தீர்க்கப் பக்கத்து வீட்டு ஷம்சியாவிடம் கேட்டாள். ஷம்சியா தன் வீட்டுக்காரரிடம் கேட்டாள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நூஹுவின் தோளில் ஒருவர் கை வைத்தார்.

"நூஹு காக்கா" என்று ஊர் வழக்கப்படி அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார். "ஒயின் ஆலை வாங்கப் போறியளாமே?"

அன்று சாயங்காலம் வரை விளக்கம் சொல்லி மாளவில்லை. இருட்டுகிற நேரத்தில், சாரம் கட்டும் கம்பெனியில் ஃபோர்மேனாக இருக்கும் கோபாலசாமி கடைக்கு வந்து, யாருமில்லாத நேரம் பார்த்துக் குனிந்து பேசினார்.

"பாய், கேள்விப்பட்டேன். வரும்போது நல்லதா ரெண்டு பாட்டில்... நம்ம ரூம் ஆளுங்களுக்கும் சேர்த்துன்னா நாலு பாட்டில்."

நூஹுவுக்கு அழுகை வந்தது. அடுத்து வந்தவருக்கு ஒரு கிலோ சர்க்கரையை நிறுத்து, இரண்டு கிலோவுக்குக் காசு கேட்டுச் சண்டையும் போட்டார்.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை அகமது கபீர். புஜைராவுக்கு போன் செய்தார்.

"கபீரு, இந்த வருஷம் உனக்கு லீவு கெடைக்கலன்னு சொல்லிடு. வீட்டுல கேட்டா நான் சமாளிச்சுக்கிறேன்."

"ஏன் காக்கா?"

"காரணம் கேக்காத. நீ வராத, அவ்வளவுதான்."

அகமது கபீர் இரண்டு நாள் முன்னதாகவே தலையணையோடு வந்து இறங்கினார்.

"வராதன்னு சொன்னேனேப்பா!"

"நீங்க அப்படித்தான் சொல்லுவியன்னு ஹிஃப்ஸா புள்ள போன் பண்ணிச் சொல்லிருச்சு காக்கா. எனக்குச் சிரமம் குடுக்கக் கூடாதுன்னு பாக்குறிய. இதுல என்ன சிரமம்? வாழ்க்கைல ஒரு தடவ போறிய. யல்லா, போய்ட்டு வாங்க." கல்லாவுக்குப் பின்னால் இருந்த நூஹுவை எழுப்பிவிட்டு அவர் உட்கார்ந்துகொண்டார்.

விமானத்தில் ஏறும்வரை ஜுலைஹா பீவி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மகிழ்ச்சி மிகுந்தால் மனிதர்கள் இப்படித்தான் வாயடைத்துப் போவார்கள் என்று நூஹு எண்ணிக்கொண்டார்.

கப்பல் பயணம் மூன்றாம் நாள் காலையில். மழை தூறிக்கொண்டிருந்தது. இரண்டு கரையிலும் செங்குத்தான மலைகள். மலை முழுவதும் வரிசை வரிசையாகக் குச்சிகள். குச்சிக்கு நாலு இலை. ஒரு பழம்கூட இல்லை. பழுக்க இன்னும் நான்கு மாதம் ஆகும் என்று ஒலிபெருக்கியில் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை. ஒரு மலை முடிந்ததும் அதே மாதிரி இன்னொரு மலை வந்தது. நடுநடுவே இடிந்த கோட்டைகள். தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடியது. நூஹு கைப்பிடிக் கம்பியை விடவே இல்லை.

சுற்றியிருந்த வயதான ஜெர்மன்காரர்கள் கையில் கிளாஸோடு தோளில் தோள் உரசி ஆடிக்கொண்டு பாடினார்கள். ஒரு கிழவர் அன்பாக இரண்டு கிளாஸ் கொண்டுவந்து மேசையில் வைத்தார். திராட்சை ரசம்தான், போதை இல்லை என்று கைஜாடையால் விளக்கினார். இருவரும் அதை வெடிகுண்டைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பையிலிருந்து ஜுலைஹா பீவி அவித்த முட்டையும் ரொட்டியும் எடுத்தாள். மூன்று நாளாக அதுதான் சாப்பாடு. முட்டை ஐஸ்கட்டியாகக் குளிர்ந்திருந்தது.

இந்நேரம் திருச்சியில் இருந்திருக்கலாம். விடுதி வாசலில் ஆட்டோ நிற்கும். ஹிஃப்ஸா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள்.

"ஜுலைஹா" என்றார் நூஹு. "இப்ப ஒனக்குத் திருப்திதானே?"

"எனக்கென்ன மச்சான். நீங்க ஆசப்பட்டது நடந்துச்சே, அது போதும்."

"நான் ஆசப்பட்டதா?"

"சின்ன வயசுலேர்ந்து கப்பல்ல போய் இந்த எடத்தப் பாக்கணும்னு உசுரா இருந்தியளாமே."

"யார் சொன்னா?"

"ஹிஃப்ஸாதான். வாப்பா வெளில காட்டிக்கமாட்டாஹ உம்மா, நீங்க மாட்டேன்னு சொன்னா ஒடஞ்சு போயிருவாஹன்னு சொன்னா. எனக்கு இங்க வர இஷ்டமே இல்ல மச்சான். புள்ளயப் பாக்கணும்னு ராவெல்லாம் அழுதேன். ஒயினுன்னு சொன்னியளே, அன்னைக்கே செத்துட்டேன். ஆனா நீங்க அலையுறதப் பாத்து, போட்டோவுக்கு, விசாவுக்குன்னு..."

நூஹு அவள் பக்கம் திரும்பினார். தனக்கு மகள் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். வெங்காயத்தையும் சொன்னார். விசா அம்மாளிடம் கெஞ்சியதையும் சொன்னார்.

ஜுலைஹா பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பதறியவருக்கு, அவள் சிரிக்கிறாள் என்பது மெதுவாகத்தான் புரிந்தது. நூஹுவும் சிரித்தார். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கிளாஸ் கொடுத்த கிழவர், குடிக்காமலே போதை ஏறிவிட்டது என்று நினைத்துக் கை தட்டினார்.

"கள்ளி! நம்ம ரெண்டு பேரையும் ஒரு எடத்துல ஒக்கார வச்சுப் பேச வைக்க இத்தனை வேலை பாத்துருக்கா" என்றாள் ஜுலைஹா பீவி. சொல்லும்போதே குரல் கரைந்தது. "நம்மள விட்டுட்டு அவ மட்டும் தனியா இருக்கா பாருங்க மச்சான். இருக்குற நாலு நாள நமக்குக் குடுத்துட்டு."

அதைக் கேட்டதும் நூஹுவின் சிரிப்பு நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக, மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்ற கூச்சமில்லாமல் மனைவியின் கையைப் பிடித்தார். குளிரில் விறைத்திருந்தது.

"நாளைக்கே கெளம்பிருவோம். துபாய்ல எறங்கி, அடுத்த பிளைட்டுல திருச்சி. கடைய கபீரு பாத்துக்குவான். போனாப் போவுது."

"அவள்ட்ட இப்பவே சொல்லுங்க மச்சான். சந்தோஷப்படுவா."

ஹிஃப்ஸாவின் கைபேசி அணைந்திருந்தது. பரீட்சை முடிந்த களைப்பில் தூங்கிக்கொண்டிருப்பாள் என்றார் நூஹு. விடுதியின் எண்ணை அழைத்தார். நாலைந்து முறை மணி அடித்தபின், வாட்ச்மேன் ராக்கப்பன் எடுத்தார். ஆற்றுக் காற்றில் குரல் விட்டுவிட்டு வந்தது. ஜுலைஹா பீவியும் காதை ஒட்டி வைத்துக்கொண்டாள்.

"ஹிஃப்ஸாவக் கொஞ்சம் கூப்புடுங்க தம்பி. வெளிநாட்டுலேர்ந்து பேசுறோம்."

"ஹிஃப்ஸா பாப்பாங்களா? அதுக்கு நேத்து ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கூடப் படிச்ச பையனோட கல்யாணம் முடிஞ்சு, பெட்டிய எடுத்துட்டுப் போயிடுச்சுங்களே... அப்பா அம்மா கப்பல்ல போயிருக்காங்க, வர்றதுக்கு வழியே இல்லன்னு, பொண்ணு வீட்டுப் பக்கம் சாட்சிக் கையெழுத்தே நான்தாங்க போட்டேன், நீங்க யாருங்க பேசுறது?"