மூக்கு நுனியில் ஒரு நூல்

"இப்ப எத்தனை நூல் மகள்?"

"ரெண்டு வாப்பா."

தையல்காரர் பாறூக் மெஷினை நிறுத்திவிட்டு எழும்பி வந்தார். ஜன்னல் கம்பியில் அவர் கட்டியிருந்தது ஒரே ஒரு நூல். அதில் மூன்று பாசிமணி. மறுமுனையை மூக்கு நுனியில் பிடித்துக்கொண்டு, கிட்டப்பார்வைக் கண்ணாடிக்குள்ளால் மணிகளை முறைத்துக்கொண்டிருந்தாள் ஷஸ்னா.

"போன கிழமை ஒண்டு எண்டு சொன்னாய்!"

"இப்ப ரெண்டு."

வாசிக்கும்போது அவளுக்கு வரிக்கு மேல் வரி ஏறியது. ஐந்தாம் ஆண்டு ஸ்கொலசிப் சோதினைக்கு இன்னும் இரண்டு மாதம். இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யவில்லை என்று சொல்லிக் கண் கிளினிக்கில் கொடுத்த பயிற்சிதான் இந்த நூல். விளக்கம் சொன்ன நேரம் பாறூக் வெளியே மோட்டார் சைக்கிளை நிழலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். மணியைப் பார், தெரிவதைச் சொல். பிள்ளைக்கு விளங்கியது அவ்வளவுதான்.

"நூல் சரியில்ல. இருபது வருசம் நூலோட கிடக்கிறன், எனக்குத் தெரியாதா?"

மணிகளை உருவி, ஜீன்ஸ் தைக்கும் நூலில் கோத்துக் கட்டினார்.

"இப்ப?"

"ரெண்டும் தடிப்பா இருக்கு வாப்பா."

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி ஹஸீனா வந்தாள். "புள்ளையக் குழப்பாம இஞ்ச தாங்க." மூக்கில் வைத்துப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிவிட்டு இன்னொரு தரம் பார்த்தாள்.

"இஞ்சாருங்க... எனக்கும் ரெண்டு."

பாறூக் பறித்துப் பார்த்தார். ஒன்று. அவர் கட்டிய அதே ஒன்று.

"யா அல்லாஹ், தொத்துது!"

அன்றே முகம் துடைக்கும் துவாய்கள் ஆளுக்கொன்றாகப் பிரிக்கப்பட்டன. சாப்பிடும் பீங்கான்களும் பிரிக்கப்பட்டன, ஏனென்று அவருக்கே தெரியாது.

பின்னேரம் நாவற்குடாவிலிருந்து நல்லரத்தினம், கட்டையாக்கக் கொடுத்த காற்சட்டைக்காக வந்தார். கதிரையில் இருத்தி அவர் மூக்கிலும் நூலை வைத்தார் பாறூக்.

"எத்தனை?"

"ரெண்டு, டெய்லர். காற்சட்டையும் ரெண்டுதானே தந்தனான்?"

"வந்து நாலு நிமிசம் ஆகல்ல, அதுக்குள்ள உங்களுக்கும் வந்திட்டு!"

மறுநாள் காலை ஒரே ஓட்டோவில் நான்கு பேரும் கிளினிக்கில் இறங்கினார்கள். நல்லரத்தினம் வழி முழுக்க ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டே வந்தார். நம்பர் துண்டு கொடுக்கும் சப்னாவின் மேசையில் பாறூக் இரண்டு கையையும் ஊன்றினார்.

"தங்கச்சி, புள்ளைக்கு நூல் ரெண்டாத் தெரியிது. பொஞ்சாதிக்கும் ரெண்டு. தைக்கக் குடுத்த இந்த மனிசனுக்கும் ரெண்டு. நான் மட்டும் தப்பிட்டன், எனக்கு ஒண்டுதான். கெதியா மூண்டு நம்பர் தாங்க."

சப்னா ஒரே ஒரு துண்டைக் கிழித்தாள்.

"பயப்படாதீங்க நானா, ரெண்டு கண்ணும் வேலை செஞ்சா நூல் ரெண்டாத்தான் தெரியும், புள்ளைக்குச் சுகம் வருது, இந்தத் துண்டு உங்களுக்கு, பேரச் சொல்லுங்க."